தூரம் தெரியாத வரை வேகமும் தெரியாது

கேள்வி இது: "போர் விமானம் ஓட்டுபவர்களே அடையாளம் தெரியாத பறக்கும் பொருட்களைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அமெரிக்க ராணுவமே வீடியோக்களை வெளியிட்டுவிட்டது. இன்னமும் பலூன், பறவை என்று சொல்லிக்கொண்டிருப்பது சரியா? அரசாங்கம் எதையோ மறைக்கிறதா? இந்தியாவில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?"

விமானிகள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வானத்தில் ஒரு பொருளைப் பார்க்கும்போது கண்ணுக்கு உண்மையில் கிடைப்பது அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதும், பார்வையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதும்தான். அளவு, உயரம், வேகம் மூன்றும் அந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. தூரத்தைத் தப்பாகப் பிடித்தால் மூன்றுமே தப்பாகிவிடும். இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு புள்ளியில்தான் முட்டி நிற்கின்றன.

இருப்பதிலேயே வலுவான சம்பவத்திலிருந்து தொடங்கலாம். 2004 நவம்பர் 14. கலிஃபோர்னியாவின் சான் டியாகோவுக்குத் தென்மேற்கே பசிபிக் கடலில் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதன் துணைக் கப்பல்களும் பயிற்சியில் இருந்தன. கூட வந்த பிரின்ஸ்டன் போர்க்கப்பலின் ரேடாரில் சில நாட்களாகவே விளங்காத புள்ளிகள் தெரிந்துகொண்டிருந்தன என்று அதில் ரேடார் பணியில் இருந்த கெவின் டே பிற்பாடு சொன்னார். அன்று பயிற்சிக்காக மேலே போயிருந்த இரண்டு சூப்பர் ஹார்னெட் விமானங்களிடம், "ஆயுதம் இருக்கிறதா?" என்று கப்பலிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பயிற்சிக்கான போலி ஏவுகணைகள்தான் இருந்தன. சரி, இந்தத் திசையில் போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

முதல் விமானத்தை ஓட்டியவர் டேவிட் ஃப்ரேவர். அந்தப் படைப்பிரிவின் தளபதி. இரண்டாவதை ஓட்டியவர் அலெக்ஸ் டீட்ரிக் என்ற பெண் விமானி. ஒவ்வொரு விமானத்திலும் இருவர், ஆக நான்கு பேர். வானம் தெளிவாக இருந்தது, கடல் அமைதியாக இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக் கொந்தளித்தது. அதற்கு மேலே வெள்ளை நிறத்தில், டிக் டாக் மிட்டாய் வடிவத்தில் (மாத்திரை போல நீள்உருண்டையாக) ஏதோ ஒன்று இங்கும் அங்கும் துள்ளிக்கொண்டிருந்தது. இறக்கை இல்லை, ஜன்னல் இல்லை, புகை இல்லை. சுமார் 40 அடி நீளம் இருக்கும் என்று ஃப்ரேவர் மதிப்பிட்டார். டீட்ரிக் மேலேயே நின்று கவனிக்க, ஃப்ரேவர் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கினார். அந்தப் பொருளும் அவருக்கு எதிர்ப்பக்கத்தில் சுற்றி மேலே ஏறியது. குறுக்கே வெட்டிப் பிடிக்கலாம் என்று அவர் மூக்கைத் திருப்பியதும் சட்டென்று வேகமெடுத்து மறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சுமார் 60 மைல் தள்ளி, அவர்கள் பயிற்சிக்காகக் கூடவேண்டிய அதே இடத்தில், பிரின்ஸ்டனின் ரேடாரில் மறுபடி தெரிந்ததாம்.

இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. இரண்டு விமானங்கள் இரண்டு வெவ்வேறு உயரத்திலிருந்து ஒரே பொருளைப் பார்த்திருக்கின்றன. ஒரே இடத்திலிருந்து பார்க்கும் ஒற்றைக் கண்ணுக்கு வரும் தூரக் குழப்பம் இங்கே ஓரளவு குறைகிறது. ஆனால் அந்தச் சந்திப்பின்போது எடுத்த வீடியோ எதுவும் நம்மிடம் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இணையத்தில் சுற்றும் 76 விநாடி வீடியோ, பிறகு கிளம்பிப் போன சாட் அண்டர்வுட் என்ற விமானி விமானத்தின் அகச்சிவப்புக் கேமராவில் எடுத்தது. 'டிக் டாக்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். தான் அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்கவில்லை, திரையில் மட்டுமே பார்த்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். வீடியோவின் கடைசியில் அது மின்னலாக இடதுபக்கம் பாய்வதுபோல் தெரியும். கேமரா தன் பிடியை இழப்பதும் உருப்பெருக்கம் மாறுவதும் அதே நொடியில்தான். கேமரா பின்தொடர்வதை விட்டுவிட்டால் எந்தப் பொருளும் திரையிலிருந்து அப்படித்தான் வழுக்கிப் போகும்.

ஆக, ஃப்ரேவர் பார்த்ததற்கு வீடியோ இல்லை. வீடியோவில் இருப்பதைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. இரண்டும் ஒரே பொருள்தானா என்பதே ஓர் ஊகம். அதை உறுதிப்படுத்தக்கூடிய பிரின்ஸ்டனின் ரேடார் பதிவு இன்றுவரை பொதுவில் வரவில்லை. என் கணக்கில் நிமிட்ஸ் சம்பவம் விடை தெரியாத ஒன்று. விடை தெரியவில்லை என்பதற்காக வேற்றுகிரகவாசிகள் பெயரில் எழுதி வைக்க நான் தயாரில்லை, அவ்வளவுதான்.

இதே சமயத்தில் பிரபலமான மற்ற இரண்டு வீடியோக்கள் 2015 ஜனவரியில் ஃப்ளோரிடா கடற்கரைக்கு அப்பால் எடுக்கப்பட்டவை. நியூயார்க் டைம்ஸ் 2017 டிசம்பரில் இந்த விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது. பென்டகன் மூன்று வீடியோக்களையும் முறைப்படி வெளியிட்டது 2020 ஏப்ரல் 27 அன்று. அந்த வெளியீட்டின் பொருள், இவை எங்கள் விமானங்கள் எடுத்தவைதான், போலி இல்லை என்பது மட்டுமே. உள்ளே இருப்பது இன்னதென்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

'கோ ஃபாஸ்ட்' என்ற வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி கடல் மட்டத்தை ஒட்டி அசுர வேகத்தில் பறக்கிறது. பின்னணியில் விமானியின் உற்சாகக் கூச்சல். முதல்முறை பார்க்கும் யாருக்கும் வாய் பிளக்கும். நல்லவேளையாக இந்த வீடியோவில் தூரம் திரையிலேயே எழுதியிருக்கிறது. விமானத்தின் உயரம் 25,000 அடி. கேமரா கிடைமட்டத்திலிருந்து சுமார் 26 டிகிரி கீழே பார்க்கிறது. பொருள் இருக்கும் தூரம் 4.4 கடல் மைல். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். 26 டிகிரியின் சைன் மதிப்பு 0.44. அதை 4.4 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.9 கடல் மைல், அதாவது 12,000 அடிக்குச் சற்றுக் குறைவு. 25,000 அடியிலிருந்து இதைக் கழித்தால் அந்தப் பொருள் சுமார் 13,000 அடி உயரத்தில் இருக்கிறது. கடலை ஒட்டியெல்லாம் பறக்கவில்லை!

அப்படியானால் அந்த வேகம்? அது விமானத்தின் வேகம். ரயில் ஜன்னலில் பார்க்கும்போது பக்கத்து மின்கம்பம் தூரத்து மலையின் மேல் ஓடுவதுபோல் தெரியுமே, அதே கதை. மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் போகும் போர் விமானத்திலிருந்து, நடுவானில் இருக்கும் ஒரு பொருளைக் கடலின் பின்னணியில் பார்த்தால், கடல்தான் பின்னால் விரைந்து ஓடும். நாசா அமைத்த தனிக்குழு 2023 செப்டம்பரில் தந்த அறிக்கையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. பொருளின் வேகம் சராசரியாக மணிக்கு 40 மைல் அளவில்தான் வருகிறது. அந்த உயரத்தில் காற்றே அந்த வேகத்தில் வீசும். காற்றோடு மிதக்கும் எதுவாகவும் அது இருக்கலாம். பென்டகனின் ஆரோ என்ற விசாரணை அலுவலகமும் 2024 நவம்பரில் இதே முடிவைச் சொன்னது.

கவனியுங்கள், அதை எடுத்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. தூரத்தைக் காட்டும் எண் அவர்கள் கண் முன்னாலேயே இருந்தது. ஆனால் விமானத்தையும் ஓட்டிக்கொண்டு, கேமராவை அந்தப் புள்ளியில் பூட்டவும் போராடிக்கொண்டு, சைன் அட்டவணையை யார் நினைப்பார்கள்?

மூன்றாவது வீடியோ 'கிம்பல்'. பறக்கும் தட்டு என்று நாம் கற்பனை செய்து வைத்திருக்கும் அதே வடிவம் மேகத்துக்கு மேலே மெல்லச் சுழல்கிறது. மிக் வெஸ்ட் போன்ற சந்தேகவாதிகள் சொல்வது: தூரத்தில் இருக்கும் ஒரு ஜெட் எஞ்சினின் வெப்பம் கேமராவைக் கூச வைக்கிறது, அந்தக் கூசலின் உருவம்தான் தட்டு. கேமரா இருக்கும் தாங்கி திரும்பும்போது கூசலும் திரும்புகிறது. எனக்கு இந்த விளக்கம் பெரும்பாலும் ஏற்புடையதாகவே இருக்கிறது. ஆனால் அன்று விமானத்தின் இன்னொரு திரையில் இப்படி ஒரு கூட்டமே தெரிந்தது, அவை காற்றை எதிர்த்துப் போயின என்று விமானிகள் பேசிக்கொள்வது அந்த ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்தத் திரையின் பதிவு நமக்குக் கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு 'முடிந்தது வழக்கு' என்று எழுதுவது நேர்மையாக இருக்காது.

பயிற்சி பெற்ற கண் ஏமாறுமா என்ற கேள்விக்கு வருவோம். மனிதனின் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தை அளப்பது சில நூறு மீட்டர் வரைதான் உதவும். அதற்கு மேல் நாம் தூரத்தைக் கணிப்பது அளவை வைத்து. எதிரே வருவது போயிங் என்று தெரிந்தால், அது இவ்வளவு சின்னதாகத் தெரிவதிலிருந்து தூரத்தைக் கணக்கிடலாம். விமானிகளுக்கு இதில் அபாரமான பழக்கம் உண்டு. ஆனால் வந்தது என்னவென்றே தெரியாதபோது அந்தப் பழக்கம் எதிராக வேலை செய்கிறது. மூளை அதையும் ஒரு விமானமாக எடுத்துக்கொண்டு தூரத்தைப் போட்டுவிடும். பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய அமெரிக்க விமானப்படை நடத்திய ப்ளூ புக் விசாரணையில், 1947 முதல் 1969 வரையிலான 12,618 புகார்கள் பதிவாயின. அவற்றில் 701 கடைசிவரை விளங்கவில்லை. அந்த விசாரணைக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக் தொடக்கத்தில் சந்தேகவாதி, ஆனால் பிற்காலத்தில் இந்த விஷயத்தை ஆதரித்தவர். அவரே, விமானிகள் எதிர்பார்த்த அளவுக்கு நல்ல சாட்சிகள் இல்லை என்று எழுதினார். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எதிரே வருவது மோதுமா மோதாதா என்று நொடியில் முடிவெடுக்கப் பழகியவர்கள் அவர்கள். எதையும் அபாயமாகப் பார்ப்பதுதான் அவர்கள் உயிரைக் காக்கும் குணம்.

இந்தத் தூரக் குழப்பம் ஓர் உயிரையே குடித்திருக்கிறது. 1948 ஜனவரி 7 அன்று கென்டக்கி மாநிலத்தில் பெரிதாகப் பளபளக்கும் ஒன்று வானில் தெரிவதாகத் தகவல் வந்தது. அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த மஸ்டாங் போர் விமானங்களிடம் கோட்மன் தளத்திலிருந்து பார்த்துவரச் சொன்னார்கள். தலைமை விமானி கேப்டன் தாமஸ் மான்டெல், வயது 25. ஆக்சிஜன் இல்லாமல் இதற்கு மேல் போகமுடியாது என்று கூட வந்தவர்கள் 22,000 அடி வாக்கில் திரும்பிவிட்டார்கள். மான்டெல் ஏறிக்கொண்டே போனார். மயங்கி, விமானம் விழுந்து இறந்துபோனார். வெள்ளிக் கிரகத்தைத் துரத்தினார் என்று முதலில் சொன்னார்கள். பட்டப்பகலில் வெள்ளியா என்று யாரும் நம்பவில்லை. பிற்பாடு பொருத்தமாகப் பட்ட விளக்கம் ஸ்கைஹுக் பலூன். அமெரிக்கக் கடற்படை அப்போது ரகசியமாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த ராட்சத பிளாஸ்டிக் பலூன் அது, மஸ்டாங் எட்டவே முடியாத உயரத்தில் மிதப்பது. விமானப்படைக்காரருக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை.

'அரசு மறைக்கிறதா' என்பதற்கான என் பதிலும் இந்தக் கதையில்தான் இருக்கிறது. மறைக்கிறது, ஆனால் நீங்கள் நினைப்பதை அல்ல. 1950களில் யு-2 உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் பறந்தபோது, கீழே பறந்த பயணிகள் விமானிகள் மாலை வெயிலில் அது மின்னுவதைப் பார்த்துப் புகார் செய்தார்கள். உண்மையைச் சொல்ல முடியாமல் வேறு காரணங்களைச் சொல்லிச் சமாளித்ததை சிஐஏ சார்பில் எழுதப்பட்ட ஆய்வே 1997இல் ஒப்புக்கொண்டது. இப்போது மறைப்பது பெரும்பாலும் கருவிகளின் திறனை. ஒரு ரேடார் எவ்வளவு தூரம், எவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறது என்பது எதிரி நாட்டுக்குத் தெரியக்கூடாது. அதனால் ரேடார் பதிவை வெளியிடமாட்டார்கள். நமக்குத் தூரத்தைச் சொல்லக்கூடியதோ பெரும்பாலும் அந்தப் பதிவுதான்!

டேவிட் க்ரஷ் என்ற முன்னாள் உளவுத்துறை அதிகாரி 2023 ஜூலை 26 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்து, விழுந்த வேற்றுலகக் கலங்களை அரசு வைத்திருப்பதாகத் தனக்குப் பிறர் சொன்னார்கள் என்றார். கலத்தை அவர் நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஆரோ அலுவலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வரலாற்று அறிக்கை, அப்படி எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. அரசின் அறிக்கையை அரசை நம்பாதவர்கள் நம்பப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

க்ரஷ் பேசிய அதே நாளில் ஃப்ரேவரோடு சாட்சி சொன்ன இன்னொருவரைத்தான் எல்லாரும் கவனித்திருக்க வேண்டும். பெயர் ரையன் க்ரேவ்ஸ், முன்னாள் கடற்படை விமானி. வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் பயிற்சி எடுத்த அவருடைய படைப்பிரிவுக்கு 2014 வாக்கில் புதிய ரேடார் பொருத்தினார்கள். அதுவரை தெரியாத பொருட்கள் அதற்குப் பிறகு தெரியத் தொடங்கின. ஒருநாள் சேர்ந்து பறந்த இரண்டு விமானங்களுக்கு நடுவே, கண்ணாடி போன்ற கோளத்துக்குள் கறுப்புக் கனசதுரம் வைத்த மாதிரி ஒன்று, 50 அடி இடைவெளியில் கடந்து போனதாம். பலூனுக்குள் ரேடார் பிரதிபலிப்பான் (ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் தகடு) வைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். பலமான காற்றிலும் அவை அசையாமல் நின்றன என்று க்ரேவ்ஸ் மறுக்கிறார். எதுவாகவும் இருக்கட்டும். பயிற்சி வான்வெளியில் யாருடையதென்று தெரியாத ஒன்று 50 அடியில் கடந்து போனால், அது முதலில் விபத்து அபாயம். பலூன் எஞ்சினில் சிக்கினாலும் விமானம் விழும். இதைச் சொன்னால் கிறுக்கன் என்பார்கள், பறக்கும் தகுதியே போய்விடும் என்று பயந்து பலர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கடற்படை 2019இல்தான் புகார் செய்யும் நெறிமுறையைப் புதுப்பித்தது. 2021 ஜூன் 25இல் வந்த உளவுத்துறை அறிக்கை 144 புகார்களை ஆராய்ந்தது. உறுதியாக அடையாளம் கண்டது ஒன்றே ஒன்று, காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன். 11 புகார்கள் நூலிழையில் மோதல் தப்பியவை. என்னைக் கேட்டால், அந்த அறிக்கையில் தலைப்புச் செய்தி ஆகியிருக்க வேண்டிய எண் இந்த 11தான்.

ரேடார் மாறினால் வானமும் மாறும் என்பதற்கு 2023 பிப்ரவரி நல்ல உதாரணம். அமெரிக்காவுக்கு மேலே மிதந்து வந்த சீன பலூனை அந்த மாதம் 4ஆம் தேதி தென் கரோலினாவுக்கு அப்பால் எஃப்-22 போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அப்புறம் 10, 11, 12 தேதிகளில் அலாஸ்கா, கனடாவின் யூகான், ஹியூரான் ஏரி என்று வரிசையாக மூன்று பொருட்களைச் சுட்டார்கள். திடீரென்று வானம் நிரம்பிவிடவில்லை. மெதுவாக நகரும் சின்னப் பொருட்களைக் குப்பை என்று ஒதுக்கிக்கொண்டிருந்த ரேடார் வடிகட்டியைத் தளர்த்தியிருந்தார்கள். அந்த மூன்றும் தனியார் விட்ட பலூன்களாக இருக்கலாம் என்று அப்போதைய அதிபர் பைடனே சொன்னார்.

1976 தெஹ்ரான் சம்பவத்தையும் இந்தப் பேச்சில் அடிக்கடி இழுப்பார்கள். செப்டம்பர் 19 அதிகாலையில் ஈரானின் இரண்டு பாண்டம் விமானங்கள் ஓர் ஒளியைத் துரத்தின. இரண்டாவது விமானத்தை ஓட்டிய பர்வீஸ் ஜாஃபரி ஏவுகணையை விடப்போன நேரத்தில் கருவிகள் செத்துப்போயின. வியாழனைப் பார்த்தார்கள், விமானத்தில் மின்கோளாறு என்கிறார்கள் சந்தேகவாதிகள். எனக்கு அது எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாகத் தோன்றவில்லை. ஆனால் அளவீட்டுப் பதிவு எதுவும் நம் கையில் இல்லாத சம்பவத்தில் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

இனி இந்தியா. 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் ராணுவத்தினர் ஒளிரும் பொருட்களை 329 முறை பார்த்துப் பதிவு செய்தார்கள். விமானிகள் இல்லை, தரையில் காவல் இருந்த வீரர்கள். சீன உளவு டிரோன்கள் என்று சந்தேகம். பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானியலாளர்களிடம் கேட்டார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசையில், நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்ததா, தனியாக நகர்ந்ததா என்று அவர்கள் ஆராய்ந்ததில் ஒன்று வியாழன், மற்றது வெள்ளி. காற்று மெலிந்த அந்த உயரத்தில் கிரகங்கள் நாம் சமவெளியில் பார்ப்பதைவிடப் பளிச்சென்று தெரியும்.

விமானப்படை நேரடியாகக் களமிறங்கியது 2023 நவம்பர் 19இல். இம்பால் விமான நிலையத்துக்கு மேலே பட்டப்பகலில் ஏதோ ஒன்று தெரிய, விமானப் போக்குவரத்தைச் சில மணிநேரம் நிறுத்திவிட்டார்கள். மேற்கு வங்கத்தின் ஹாசிமாரா விமானப்படைத் தளத்திலிருந்து ரஃபேல் விமானம் போய்த் தேடியது. பிறகு இன்னொன்றும் போனது. எதுவும் கிடைக்கவில்லை. வான் பாதுகாப்பு ஏற்பாட்டை முடுக்கிவிட்டோம், அதற்குப் பிறகு அந்தச் சிறிய பொருள் தென்படவில்லை என்று கிழக்குக் கட்டளைத் தலைமையகம் இரண்டு வரியில் அறிவித்தது. மணிப்பூர் அப்போது கலவரத்தில் இருந்ததை நினைத்தால், டிரோன் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வருகிறது. ஆனால் தூரம், உயரம், வேகம் எதுவும் வெளியிடப்படாததால் இது ஊகமே.